தட்டை மூடிய நிலம்

என் புருஷன் லுஃபேயோவுக்கு ஊர் வைத்த பெயர் சோம்பேறி. கல்யாணமாகி வந்த புதிதில் அந்தப் பெயர் இல்லை. மண்வெட்டியைப் பிடித்தால் பொழுது சாயும்வரை நிமிராத ஆள் என்றுதான் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் ஆண்கள் எல்லோருமே வீட்டோடு மாப்பிள்ளைகள். பெண்ணின் ஊருக்கு வந்து, பெண்ணின் தாய்வழி நிலத்தில் உழைத்து, பெண்ணின் அண்ணன் தம்பி சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும். அதனால் மாப்பிள்ளைகளை எடைபோடுவதில் எங்கள் ஊர் ரொம்பக் கறார். அறுப்பு முடிந்ததும் மக்காச்சோளத் தட்டையைக் குவித்துக் கொளுத்திவிட்டு, மண்ணை வாரி இழுத்து நீளநீளமாகப் பார் போட்டு, நிலத்தை வாரிச் சீவிய தலை மாதிரி வைத்திருப்பவன்தான் ஆம்பிளை. லுஃபேயோ இதில் ஒன்றையும் செய்யாமல் நிறுத்திவிட்டார்.

அதற்குக் காரணம் வெள்ளை வண்டியில் வந்த ஒரு அமைப்பு. சர்ச் வாசலில் கூட்டம் போட்டு, முதுகில் 'பசியில்லாத உலகம்' என்று எழுதிய சட்டைகளைக் கொடுத்தார்கள். தட்டையைக் கொளுத்தாதே, நிலத்தின் மேலேயே மூடாக்காகப் பரப்பு. பார் போடாதே, சின்னச் சின்னக் குழி எடுத்து விதை போடு. நடுவில் துவரை வை. மூடாக்கு மட்கும், ஈரம் தங்கும், மூன்றாவது வருஷம் மண்ணே மாறிவிடும். இப்படிச் சொன்னார்கள். சட்டையை எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். சொன்னதையும் சேர்த்து வாங்கிக்கொண்டவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

என் அண்ணன் பிஸிவெக்கிக்கு அன்றிலிருந்து வாய்க்கு வேலை கிடைத்தது. எங்கள் அம்மாவின் நிலத்துக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. வரப்பில் நின்றுகொண்டு ஆரம்பிப்பான்.

"என்ன மச்சான், நெலத்துல பாய விரிச்சிருக்கீங்க? தூக்கம் வந்தா வீட்டுல படுக்க வேண்டியதுதானே."

"மண்ணு தூங்கட்டும் மச்சான். எந்திரிக்கிறப்ப தெம்பா எந்திரிக்கும்," என்பார் இவர்.

"அது எந்திரிக்கிறதுக்குள்ள என் தங்கச்சி படுத்துருவா."

முதல் வருஷம் அண்ணன் சொன்னதுதான் நடந்தது. களை மண்டியது. பயிர் மஞ்சளாக நின்றது. கொளுத்திப் பார் போட்டவர்களைவிட எங்களுக்குக் குறைவாகத்தான் விளைந்தது. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். இவரோ "மூணாவது வருஷம் எனெலெசி, மூணாவது வருஷம்" என்று என் பெயரையும் சேர்த்து ஜெபம் மாதிரி அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வருஷம், நவம்பரில் தொடங்கி மார்ச் வரை பெய்ய வேண்டிய மழை ஜனவரியிலேயே நின்றுவிட்டது. ஊர்ப் பயிரெல்லாம் கதிர் வைக்கும் நேரத்தில் சுருட்டு மாதிரி சுருண்டது. ஒரு நாள் மத்தியானம் நான் எங்கள் நிலத்தில் குனிந்து தட்டைக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தேன். மண் ஈரமாக, சில்லென்று இருந்தது. அந்த வெயிலில், அந்த மண் ஏன் சில்லென்று இருந்தது என்று யோசிக்கக்கூட இல்லை, அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அந்த வருஷம் எங்கள் குதிர் பாதி நிறைந்தது. மற்றவர்கள் குதிரில் பல்லி ஓடியது.

சோம்பேறி என்ற பெயர் போய் இப்போது சூனியக்காரன் என்ற பெயர் வந்தது. அடுத்தவன் பயிரின் சத்தை மந்திரம் போட்டு இழுக்கிறான் என்றார்கள். அண்ணனே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வேர் கீர் எதாவது பொதச்சு வச்சிருக்காரா?" என்று கேட்டான். துவரை வேரைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்தேன்.

ஆனால் மூன்று குடும்பங்கள் மட்டும் வந்து எப்படிச் செய்வது என்று கேட்டன. அதில் முதலில் வந்தவன் பக்கத்து நிலத்து மலிசேனி. அவனும் இன்னும் இரண்டு பேரும் அந்த வருஷம் தட்டையைக் கொளுத்தவில்லை. மலிசேனியின் நிலத்தில் இவரே போய்த் தட்டை பரப்பினார். பரப்பும்போது பாட்டுப் பாடினார். எங்கள் கல்யாணத்தில்கூட அவர் பாடி நான் கேட்டதில்லை.

பாதி நிறைந்த குதிர் நிலைக்கவில்லை. ஊரில் முக்கால்வாசிப் பேர் என் சொந்தம். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும் சித்தி மகனிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆகஸ்டிலேயே நாங்களும் மற்றவர்களோடு சமமாகிவிட்டோம். களி கிண்டி நாளாயிற்று. தவிட்டுக் கஞ்சி குடித்தோம். அதற்குப் பேர் சாப்பாடு இல்லை, களி இல்லாத நாளை நாங்கள் சாப்பிட்ட நாளாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எலிப் பிரச்சினை அப்போதுதான் தொடங்கியது.

எங்கள் ஊரில் எலி நல்ல உணவு. அதிலும் கொழுத்த வயல் எலிக்கு ஈடே இல்லை. அறுப்பு முடிந்ததும் தட்டையைச் சுற்றிக் கொளுத்தி, ஓடிவரும் எலிகளை அடித்து, உப்புப் போட்டு அவித்துக் காயவைப்பது காலங்காலமாக நடப்பது. அந்த வருஷம் பசி சீக்கிரம் வந்ததால் ஜூலைக்குள் ஊர் நிலம் முழுக்கக் கொளுத்தி முடித்துவிட்டார்கள். தப்பித்த எலிகள் எங்கே போகும்? மூடாக்கு இருந்த நிலங்களுக்குத்தான் வந்தன, அதிலும் கனமான மூடாக்கு எங்களுடையது. பகலிலேயே தட்டைக்கு அடியில் சரசரவென்று சத்தம் கேட்கும். ஊர்க்காரர்கள் வரப்பில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்பார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு போவார்கள்.

இவர் நிலத்தின் ஓரத்தில் புல்லால் ஒரு சாய்ப்பு போட்டுக்கொண்டு அங்கேயே குடியிருந்தார். நான் கஞ்சியை எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பேன்.

"எலிக்குக் காவல் காக்குற ஒரே ஆளு இந்த மாவட்டத்துலயே நீங்கதான்," என்று ஒரு நாள் சொன்னேன்.

"எலிக்கு இல்ல, தட்டைக்கு. மழை வர்ற வரைக்கும்தான். ஒரு தடவ நல்லா நனைஞ்சிருச்சுன்னா அப்புறம் யாரு நெருப்பு வச்சாலும் பத்தாது. அடியில இருக்கிறது பாதி மண்ணாயிருச்சு, பாரேன்."

தட்டையை விலக்கிக் காட்டினார். கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. அண்ணன் நிலத்து மண் அப்போது செங்கல் மாதிரி கிடந்தது. மழைக்கு ஒரு மாதம்தான் பாக்கி. அந்த ஒரு மாதம் தாண்டினால் மூன்றாவது வருஷம். நானும் நம்ப ஆரம்பித்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் கர்வம் பிடித்துவிடும்.

அக்டோபரில் என் பெரியம்மா மகள் மெலியா அக்கா செத்துப்போனாள். காட்டில் ஒரு கசப்புக் கிழங்கு உண்டு. சாம்பல் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி நாள் முழுக்க அவிக்க வேண்டும். இல்லாவிட்டால் விஷம். அக்காவுக்கு அது தெரியாமல் இல்லை. பிள்ளைகள் அழுதுகொண்டே இருந்ததால் அவசரப்பட்டு இறக்கிவிட்டாள். அவர்களுக்குக் கொடுக்கும் முன் தான் தின்று பார்த்தாள். பிள்ளைகள் பிழைத்தார்கள்.

சாவு வீட்டுக்கு வருகிற பெண்கள் கையில் மாவும் தலையில் விறகுமாக வருவது வழக்கம். அன்றைக்கு விறகு மட்டும் வந்தது. முற்றத்தில் விறகு மலையாகக் குவிந்து கிடந்தது, அதன்மேல் ஏற்றி வேகவைக்க எதுவும் இல்லை. நாங்கள் பெண்கள் உள்ளே அக்காவைக் குளிப்பாட்டிப் பாயில் கிடத்தி, சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம். பாட்டில் சத்தமே இல்லை.

குழி வெட்டப் போன ஆட்கள் முன்பகலிலேயே திரும்பி வந்துவிட்டார்கள். குழி வெட்டுகிறவர்கள் எப்போதும் வேறு வம்சத்து ஆண்கள். சாவன்று அவர்கள் வைத்ததுதான் சட்டம். கோழி கேட்டால் கோழி கொடுக்க வேண்டும், பாதிக் குழியில் உட்கார்ந்துகொண்டு கிண்டல் செய்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்குத் தலைவன் சக்கலியா. பெரிய நக்கல்காரன். அன்றைக்கு அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டுதான் நின்றான்.

"பிஸிவெக்கி, மண்ணு பாறையா கெடக்கு. முழங்காலுக்கு மேல எறங்கல. ரெண்டு பேரு குழிக்குள்ளயே மயங்கிட்டானுங்க. இன்னும் கொஞ்ச நேரம் போனா அவனுங்கள அதுலயே மூடிட்டு வந்துருப்போம்."

"என்ன பண்றது சக்கலியா. தவிடு கொஞ்சம் இருக்கு," என்றான் அண்ணன்.

"தவிட்ட நாங்களும் குடிச்சிட்டுத்தான் வந்தோம். தவிட்டு பலத்துல கோழிகூட மண்ணக் கெளறாது. வயித்துக்கு ஏதாவது போடுங்க, வெட்டுறோம். வெயில் ஏறுது. அக்கா காத்திருக்க மாட்டாங்க."

அவன் லுஃபேயோவைப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. முற்றத்தில் இருந்த அத்தனை ஆண்களும் தரையைப் பார்த்தார்கள்.

இவர் எழுந்தார். "நான் வெட்டுறேன். எனக்குத் தெம்பு இருக்கு."

"நீங்க இந்த வீட்டு மாப்பிள்ள," என்றான் சக்கலியா. கோபமில்லாமல்தான் சொன்னான். "வீட்டுக்காரனே குழி வெட்டினா அது அடக்கம் இல்லண்ணே. நாயத்தான் அப்படிப் பொதைப்பாங்க."

அண்ணன் இவர் பக்கமாக வந்து நின்றான். பிறகு, "மச்சான், நெலம் எங்கம்மாவுது. நான் கேக்காமலேகூட தட்டையக் கொளுத்தலாம். ஆனா கேக்குறேன்," என்றான். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவன் குரலில் கிண்டல் இல்லை. 

இவர் வாசற்படியில் நின்ற என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருக்கலாம். என் கை இன்னும் அக்காவைக் குளிப்பாட்டிய தண்ணீரில் ஈரமாக இருந்தது.

"அவ எங்க அக்காங்க," என்றேன். 

நெருப்பு வேண்டாம், தட்டையைக் கையால் தூக்கித் தூக்கிப் பிடிப்போம் என்று முதலில் முயற்சி செய்தார்கள். ஒரு பக்கம் தூக்கினால் எலி மறுபக்கம் போய்விடுகிறது. அடியில் அது எங்கே ஓடுகிறது என்று தெரிந்தால்தானே. பசித்தவர்கள் குனிந்து குனிந்து களைத்ததுதான் மிச்சம். பிடித்தது ஒரு கைப்பிடி.

"ஒரு மூலைய மட்டும் கொளுத்துங்க," என்றார் இவர் கடைசியில். "அந்தக் கெழக்கு மூலை. அதுக்கு மேல வேண்டாம்."

அவரே மண்வெட்டியை எடுத்து அந்த மூலைக்கும் மீதி நிலத்துக்கும் நடுவே தட்டையை அகற்றி வெறும் மண்ணாக ஒரு பாதை இழுத்தார். நெருப்பு தாண்டினால் அடிக்க ஆளுக்கொரு பச்சைக் கிளை கொடுத்தார். மலிசேனியை ஒரு முனையில், அண்ணனை ஒரு முனையில், என்னை நடுவில் நிறுத்தினார். காற்று எந்தப் பக்கம் என்று மண்ணை அள்ளிப் போட்டுப் பார்த்தார். காற்றே இல்லை. அப்புறம்தான் அவர் தலையை ஆட்ட, சாவு வீட்டு அடுப்பிலிருந்து கொண்டுவந்த கொள்ளியைச் சக்கலியா வைத்தான்.

தட்டை பற்றியதும் எலிகள் வந்தன. அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. கொழுத்து, பளபளவென்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நாங்கள் நின்ற பாதைக்கே வந்தன. யாரோ கிளையால் ஒன்றை அடித்தார்கள். அடுத்த நிமிஷம் எல்லோரும் அடித்தார்கள். மலிசேனி ஓடினான். அண்ணன் ஓடினான். குழி வெட்டுகிறவர்களில் மயங்கி விழுந்தவனும் எழுந்து ஓடினான். அந்த நேரம் பார்த்து அக்டோபரின் சுழற்காற்று ஒன்று கிளம்பி, எரிகிற தட்டையைத் தூக்கிப் பாதைக்கு இந்தப் பக்கம் போட்டது.

"எலிய விடுங்க, தீய அடிங்க," என்று இவர் கத்தினார். "தீய அடிங்கப்பா. அப்புறம் புடிச்சுக்கலாம், எங்கயும் போகாது."

யாரும் திரும்பவில்லை. நானும் அவரும்தான் அடித்தோம். கிளை கருகியதும் கோணிப்பையால் அடித்தார், அதுவும் பற்றியதும் வெறுங்காலால் மிதித்தார். என் மகள் டெலியா புகைக்குள்ளிருந்து வந்தாள், இரண்டு கையிலும் வாலைப் பிடித்து எலிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு. முகமெல்லாம் கரி, பல் மட்டும் வெள்ளையாகத் தெரியச் சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. நான் அவளைத் திட்டவும் இல்லை, தீயை அடிக்கக் கூப்பிடவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அடிப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

குழி ஆழமாக வெட்டினார்கள். மெலியா அக்காவை முறைப்படி அடக்கம் செய்தோம். இடுகாட்டிலிருந்து திரும்பும்போது சக்கலியா பழையபடி நக்கல் பண்ண ஆரம்பித்திருந்தான், ஜனங்களும் சிரித்தார்கள். சாவு வீட்டு முற்றத்தில் எல்லோருக்கும் எலிக்கறி கிடைத்தது. அக்காவின் பிள்ளைகள் எலும்பைக்கூட விடவில்லை. நானும் தின்றேன். அக்காவைப் புதைத்த அன்று கறி ருசியாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

இவர் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது, எரிந்த நிலத்தின் நடுவில் கருகாமல் தப்பிய தட்டைகளைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். மொத்தமும் சேர்த்தால் ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவுதான் இருந்தது. கால் கொப்புளித்திருந்தது. "வாங்க, ஒரு வாய் சாப்பிடுங்க" என்றேன். "பசிக்கல" என்றார். அந்த வார்த்தையை எங்கள் ஊரில் யாரும் சொல்லிக் கேட்டு மாதக்கணக்கில் ஆயிற்று.

"இன்னும் மலிசேனி நெலம் இருக்கு," என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "அந்த ரெண்டு பேரு நெலமும் இருக்கு. அவங்க முதல் வருஷம்தான். ஆனா ஆரம்பிச்சுட்டாங்கல்ல. நம்ம மறுபடி மொதல்ல இருந்து வருவோம்."

எனக்கும் அந்த நேரத்தில் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

மறுநாள் பொழுது கிளம்பியதும் பக்கத்து நிலத்தில் புகை எழுந்தது. பிறகு அதற்கப்பால் ஒன்று. பிறகு ஓடைக் கரையில் ஒன்று. இவர் கொப்புளக் காலோடு எழுந்து வாசலில் நின்று மூன்றையும் பார்த்தார். ஓடிப்போய்த் தடுப்பார் என்று நினைத்தேன். நின்றுகொண்டே இருந்தார். அப்புறம் உட்கார்ந்தார்.

சாயங்காலம் மலிசேனி வந்தான். பிளந்த மூங்கில் குச்சியில் வரிசையாகச் செருகிய எலிகளைக் கையில் வைத்திருந்தான். நல்ல எலிகளாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தான். முறைப்படி மண்டியிட்டு, கையைத் தட்டி வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. நீங்களே கொளுத்தினப்புறம் நான் எதுக்குக் காவல் காக்குறதுன்னு என் பொண்டாட்டி கேட்டா. காலையிலேயே கொள்ளிய வச்சுட்டேன்."

"நான் கொளுத்தல. காத்து."

"அதாண்ணே, காத்துதான்," என்று உடனே ஒத்துக்கொண்டான். பிறகு குச்சியைக் கையில் திருப்பிக்கொண்டே சொன்னான். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். ரெண்டு வருஷமா உங்களச் சோம்பேறின்னு பேசியிருக்கோம். சூனியக்காரன்னு பேசியிருக்கோம். நீங்க என்ன செய்றீங்கன்னே எங்களுக்குப் புரியலண்ணே. நேத்துதான் புரிஞ்சுது."

இவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தட்டையப் பரப்பி வச்சா எலி எப்படி வந்து சேருது பாத்தீங்களா? எப்படிக் கொழுக்குது? நாங்க முட்டாளுங்க, ஜூலைக்குள்ளயே கொளுத்தி, குஞ்சும் நோஞ்சானுமா தின்னுட்டு இருந்தோம். சாவு வீட்டுல ஊரே இதைத்தான் பேசிச்சு. அடுத்த வருஷம் ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் பரப்பப்போறோம். உங்க மச்சானும்தான். அக்டோபர் வரைக்கும் தொடாம வச்சிருந்து மொத்தமாக் கொளுத்தினா, பசி மாசத்துக்குக் கவலையே இல்ல. நீங்க காட்டின வழிண்ணே இது."

அவன் கண்ணில் நன்றி இருந்தது. பொய்யில்லை. குச்சியை இரண்டு கையாலும் நீட்டினான்.

இவர் அவனிடம் எல்லாவற்றையும் மறுபடி சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். ஈரம், மட்கு, மூன்றாவது வருஷம் எல்லாம்.  அவரோ முறை தவறாமல் இரண்டு கையாலும் குச்சியை வாங்கிக்கொண்டு, "நல்லாக் கொழுத்திருக்கு" என்றார். மலிசேனி சந்தோஷமாகக் கிளம்பிப் போனான்.

குச்சியை என்னிடம் கொடுத்தார். நான் உப்புப் போட்டு அவித்தேன். டெலியாவுக்கு இரண்டு வைத்தேன், அவருக்கு இரண்டு வைத்தேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அவர் சாப்பிடாமல் எழுந்து போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.